மூவரின் நீலக் கோட்டு

ஸ்டாக்டனில், எல் டொராடோ தெருவில்
கோட்டும் கால்சட்டையும் சேர்த்து முப்பத்தாறு டாலர்.
ஆளுக்குப் பன்னிரண்டு போட்டோம்.
ஃபெர்மின் நெட்டை, ப்ளாஸிடோ குட்டை,
நான் இரண்டுக்கும் நடுவே.
யாருக்கு அளவெடுக்க என்றார் தையற்காரர்.
நடுவில் நின்ற பாவத்துக்கு எனக்கு எடுத்தார்.
ஆகவே அது யாருக்கும் பொருந்தவில்லை.
எனக்கும்தான்:
நாடா மார்பைச் சுற்றியபோது
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.

ஆஸ்பாரகஸ் வெட்டுகிறவன் நாளெல்லாம் குனிந்தவன்.
நெற்றி விளக்கோடு இருட்டில் இறங்கி
வெயில் ஏறி முதுகில் உட்காரும்வரை
பார்ப்பது மண், கத்தி, தன் கால்.
டெல்டாவின் கரிமண் தூசு
அக்குளில் புகுந்தால் குளித்தாலும் போகாது.
கொட்டகையில் நாற்பது கட்டில்,
நாற்பது இருமல்.
விளக்கணைந்த பிறகு
இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்,
ஆனால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.
ஆணியில் தொங்கிய அந்த நீலம் மட்டும்
எங்களில் நிமிர்ந்திருந்தது.

ஞாயிறுக்கு ஒருவர் முறை.
ஃபெர்மின் உடுத்தினால்
மணிக்கட்டு இரண்டங்குலம் வெளியே நிற்கும்.
ப்ளாஸிடோவுக்குக் கால்சட்டை மடிப்பில் ஐந்து குண்டூசி.
நடனக் கூடத்தில் ஒரு பாட்டுக்குப் பத்து சென்ட்;
குத்தக் குத்த ஆடிவிட்டு வருவான்.
"ரத்தம் வந்ததா?"
"வந்தது. பேர் லூசில்."
மற்ற இருவரும் கட்டிலில் விழித்திருப்போம்,
கறை பட்டதா என்று பார்க்கத்தான்
என்று சொல்லிக்கொண்டு.

என் முறை வரும்போது முதலில் பைக்குள் கைவிடுவேன்.
வேர்க்கடலைத் தோல்.
பாதி கிழிந்த டிக்கெட்.
ஒருமுறை, கைக்குட்டையில் சுற்றிய
ப்ளாஸிடோவின் கடைவாய்ப் பல்;
யார் உடைத்தது என்று அவன் சொல்லவில்லை.
ஒருமுறை, நான்காய் மடித்த அட்டை:
"ஃபிலிப்பினோக்களுக்கு அனுமதி இல்லை."
ஓட்டல் கதவிலிருந்து ஃபெர்மின் பிய்த்து வந்தது.
மடித்தபடியே திரும்ப வைத்தேன்,
அடுத்த ஞாயிறு அடுத்தவன் பார்க்கட்டும் என்று.

மூவரும் தனித்தனியே படம் எடுத்து
ஊருக்கு அனுப்பினோம்.
ஃபெர்மினின் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது:
"மூன்று வீட்டுப் படத்தையும்
பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
மூன்றிலும் இரண்டாவது பொத்தான் இல்லை.
அங்கே நீங்கள் மூன்று பேரா, ஒருவரா?"
கட்டில் உடையச் சிரித்தோம்.
அன்றிரவே தூண்டில் நரம்பால்
ஒரு கறுப்புப் பொத்தானைத் தைத்தான் ப்ளாஸிடோ.
நிறம் சேரவில்லை.

மே மாதம் கரைச்சாலையில் லாரி கவிழ்ந்தது.
பதினோரு பேர் எழுந்து மண்ணைத் தட்டினார்கள்.
காண்ட்ராக்டர் ஃபெர்மினின் கணக்கை
மதியம்வரை போட்டுக் கொடுத்தார்.

அடக்கம் ஞாயிற்றுக்கிழமை.
அந்த ஞாயிறு என் முறை.
ப்ளாஸிடோ ஒன்றும் கேட்கவில்லை,
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.
நான்தான் ஆணியிலிருந்து எடுத்தேன்.
பையைத் துழாவவில்லை.
கைப்பகுதியைக் கீழே இழுத்துவிட்டான் ப்ளாஸிடோ,
மூன்று தடவை.
மூன்று தடவையும் அது மேலேறி
மணிக்கட்டு இரண்டங்குலம் வெளியே நின்றது.

ஜூனில் வெட்டு முடிந்தது.
அலாஸ்காவுக்கு, மீன் ஆலைக்கு, கப்பலேறினான் ப்ளாஸிடோ.
செப்டம்பரில் வருகிறேன் என்றான்.
எந்த வருடத்துச் செப்டம்பர் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எனக்கென்று ஒரு கோட்டு இருக்கிறது.
பழுப்பு. அளவெடுத்தபோது
மூச்சை முழுக்க விட்டிருந்தேன்.
குறை சொல்ல எதுவும் இல்லை.
ஞாயிறுதோறும் என் முறை.
பைக்குள் கைவிட்டால்
நான் போட்டதுதான் இருக்கிறது.

சில வாரங்களில்
வேர்க்கடலைத் தோலை நானே போட்டுவைத்து
அடுத்த ஞாயிறுக்குள்
மறந்துவிடப் பார்க்கிறேன்.